எவேலியோவின் ஞாயிற்றுக்கிழமைகள்

குழந்தை பிறந்த செய்தியை எவேலியோவுக்கு வானொலிதான் சொன்னது. எங்கள் பக்கத்து நிலையம் ஒன்றில் காலை வேளையில் பாட்டுகளுக்கு நடுவே ஊர்க்காரர்களின் செய்திகளைப் படிப்பார்கள். மாடு காணாமல் போனது, அத்தை இறந்தது, கல்யாணம் தள்ளிப்போனது எல்லாம் அதில் வரும். அன்று அறிவிப்பாளர் மூக்கடைத்த குரலில் படித்தார்: "ஹோகோத்தே மலைக் காவலில் இருக்கும் எவேலியோ மென்ஹிவாருக்கு, மனைவி தெல்மி தெரிவிப்பது. பெண் குழந்தை. பெயர் நூபியா. இருவரும் நலம். ஞாயிறு காலை உடைந்த பாலத்துக்குக் கொண்டுவருகிறேன். மேலே இருந்து பார்த்துக்கொள்."

எவேலியோ அப்போது சட்டையில் பேன் பார்த்துக்கொண்டிருந்தான். சட்டையை அப்படியே போட்டுவிட்டு, வெற்று மார்போடு பதுங்குகுழிகளைச் சுற்றி ஓடினான். "பொண்ணுடா! பொண்ணு!" என்று கத்தினான். நாங்களும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம் என்பது அவனுக்கு உறைக்கவே இல்லை.

சார்ஜன்ட் பராஹோனா மட்டும் முகத்தைச் சுளித்தார். "நாம எந்த மலையில உக்காந்திருக்கோம்னு நாடு பூரா தண்டோரா போட்டுட்டா உன் பொண்டாட்டி."

"தெரியாதவன் எவன் இருக்கான் சார்ஜன்ட்?" என்றான் நஹூன். "பசங்க தினமும் காலையில நமக்கு வணக்கம் சொல்லிட்டுத்தானே சுடறாங்க?"

பசங்க என்று நாங்கள் சொன்னது கொரில்லாக்களை. எதிர்மலையில் இருந்தார்கள். நாங்கள் அரசாங்கத்துப் படை. ஆனால் எங்களில் ஒருவனும் விரும்பிச் சேர்ந்தவன் இல்லை. என்னைக் கால்பந்து மைதானத்தில் பிடித்தார்கள். எவேலியோவைச் சந்தையிலிருந்து திரும்பும்போது பஸ்ஸை மறித்து இறக்கினார்கள். பக்கத்து இருக்கையில் தெல்மி, கர்ப்பமாக. ராணுவ லாரிக்குப் பின்னால் அவள் செருப்பு அறுந்துபோகும்வரை ஓடி வந்தாளாம். அதற்குப் பிறகு அவர்கள் சந்தித்துக்கொள்ளவில்லை.

மலையுச்சியில் இருந்த வானொலிக் கோபுரத்தைக் காப்பது எங்கள் வேலை. கீழே ஆறு. ஆற்றின் மேல் பாலம். பாலத்தின் நடுப்பகுதியைப் பசங்க எப்போதோ தகர்த்துவிட்டார்கள். ஊர்மக்கள் பலகை போட்டு நடந்தார்கள். பாலத்திலிருந்து மேலே வரும் பாதை முழுக்க வெடி புதைத்திருந்தது. பாதி நாங்கள் புதைத்தது, பாதி அவர்கள் புதைத்தது. எது யாருடையது என்று இரு தரப்புக்கும் மறந்துவிட்டது. அதனால் எங்களுக்கு அரிசியும் பீன்ஸும் தோட்டாவும் ஹெலிகாப்டரில்தான் வரும். நாங்களும் அதில் வந்தவர்கள்தான். அது வந்து கூட்டிப்போகும்வரை இறங்க முடியாது.

அந்த ஞாயிறு அவள் வந்தாள். பஸ் பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்றது. ஒரு சின்ன உருவம் இறங்கி, பலகை மேல் நடந்து, பாலத்தின் எங்கள் பக்க முனைக்கு வந்து நின்றது. எவேலியோ முன்பே தன் மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு மேற்குப் பாறை மேல் ஏறியிருந்தான். பிடிபட்ட அன்று போட்டிருந்த சட்டை அது. இரண்டு கையையும் ஆட்டினான். கீழே அவள் ஒரு வெள்ளை மூட்டையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள்.

"சார்ஜன்ட், தூரக்கண்ணாடி..." என்று அவன் கெஞ்சினான்.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு தூரக்கண்ணாடி. அதை பராஹோனா கழுத்திலிருந்து கழற்றியதே இல்லை. "எதிரியப் பாக்க குடுத்தது இது. கொழந்தையப் பாக்க இல்ல," என்று முணுமுணுத்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தார்.

எவேலியோ பார்த்தான். கண்ணாடிக்குக் கீழே அவன் வாய் மட்டும் கோணிக்கொண்டு போனது. பிறகு நாங்கள் வரிசையில் நின்று பார்த்தோம். தலையில் முடி இருக்கிறது என்று ஒருவன் சொன்னான். அது தொப்பி என்று இன்னொருவன் சொன்னான். சண்டை கிட்டத்தட்ட அடிதடிக்கு வந்தது. கடைசியில் பராஹோனா கண்ணாடியைப் பிடுங்கி, நிதானமாகப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "முடிதான். நல்ல கறுப்பு முடி. என் மூத்தவளுக்கு ஒரு வயசு வரைக்கும் மொட்டை."

நான்தான் படைப்பிரிவின் வயர்லெஸ்காரன். அந்த நேரத்தில் என் பெட்டி கரகரத்தது. பசங்களின் வயர்லெஸ்ஸில் எப்போதும் ஒரு பெண்தான் பேசுவாள். நாங்கள் அவளுக்குக் கிளி என்று பெயர் வைத்திருந்தோம். தினமும் எங்களை வம்புக்கு இழுப்பாள். சோறு வேகலையா, காலுறை நாறுதா, உங்க தளபதி மயாமியில வீடு வாங்கிட்டாராமே என்பாள். அன்று அவள் குரல் வேறுமாதிரி இருந்தது.

"ஏய் மலையாடுங்களா. மஞ்சச் சட்டைதான் அப்பனா?"

"ஆமா, உனக்கென்ன?" என்றேன்.

"நல்லா ஆடறான். சரி, அந்தப் பொண்ணு பஸ் ஏறற வரைக்கும் எங்க பக்கம் சத்தம் வராது. உங்க கிழட்டு சார்ஜன்ட்கிட்ட சொல்லு, அவரும் வாலச் சுருட்டி வச்சுக்கட்டும்."

பராஹோனா என் கையிலிருந்த வயர்லெஸ்ஸை வாங்கி, அவளுடைய மூன்று தலைமுறையையும் திட்டினார். ஆனால் அன்று மத்தியானம்வரை எங்கள் பக்கத்திலும் ஒருவன் துப்பாக்கியைத் தொடவில்லை. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான் போனது. யாரும் எழுதிக் கையெழுத்துப் போடவில்லை. அவள் வருவாள், மூட்டையைத் தூக்குவாள், இவன் பாறையில் நின்று கையாட்டுவான், பஸ் வரும், போய்விடுவாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நாங்கள் மறுபடி ஒருவரையொருவர் கொல்லப் பார்ப்போம்.

வாரத்தின் மற்ற நாட்களில் எவேலியோ எல்லோர் உயிரையும் வாங்கினான். குழந்தை எப்போது உட்காரும், எப்போது பல் முளைக்கும், சிரித்தால் அப்பாவைத் தெரிந்துதான் சிரிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருப்பான். நஹூன் ஒன்பது பிள்ளைகளில் மூத்தவன். அவன்தான் குழந்தையைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தான். போர்வையைச் சுருட்டி, கட்டி, எவேலியோவின் கையில் வைப்பான்.

"தலையப் பிடிடா கழுதை! கழுத்து தொங்குது பாரு. செத்துப்போச்சு உன் பொண்ணு."

"வாயக் கழுவு."

"அப்ப ஒழுங்காப் பிடி. இந்தக் கை அடியில. ஆங். இப்ப ஆட்டு. அய்யய்யோ, மாவு சலிக்கிற மாதிரி ஆட்டாத!"

எவேலியோ அந்தப் போர்வையைத் தோளில் போட்டுத் தட்டியபடி காவல் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். யாரும் கேலி செய்யவில்லை. உண்மையைச் சொன்னால், எங்களில் இரண்டு மூன்று பேர் வாங்கி நாங்களும் தட்டிப் பார்த்தோம்.

ஜனவரியில் வடகாற்று தொடங்கியது. எங்கள் மலைகளில் அந்தக் காற்று அடித்தால் தகரம் பறக்கும். தண்ணீர்த் தொட்டியின் மூடி ஒரு நாள் போயே போய்விட்டது, தண்ணீரெல்லாம் மண். வடக்குச் சரிவில் பாதி வழியில் ஒரு ஊற்று இருந்தது. அங்கே இறங்கி கேன்களில் மொண்டு வரவேண்டும். முறை வைத்துப் போவோம். அன்று நஹூனும் எவேலியோவும். எப்போதும் போகிற தடம்தான். அடிக்கு அடி தெரிந்த தடம். முந்தின இரவு பசங்களில் எவனோ மேலே ஏறி வந்து போயிருக்கிறான்.

நாங்கள் அதைக் கால்வாங்கி என்று சொல்வோம். சின்ன வெடிதான். கொல்வதற்காகச் செய்ததல்ல, காலை மட்டும் வாங்குவதற்காகச் செய்தது. காயம்பட்டவனைத் தூக்க நாலு பேர் வேண்டும், செத்தவனுக்கு ஒருவரும் வேண்டாம் என்ற கணக்கு.

நஹூன் எவேலியோவை முதுகில் சுமந்து மேலே கொண்டுவந்தான். வலது கால் கணுக்காலோடு போயிருந்தது. மருந்துப்பையில் இருந்ததையெல்லாம் போட்டு இறுக்கிக் கட்டினோம். நான் ஹெலிகாப்டர் கேட்டேன். காற்றில் வர முடியாது என்றார்கள். மறுபடி கேட்டேன். காற்று அடங்கட்டும் என்றார்கள். பராஹோனா வயர்லெஸ்ஸைப் பிடுங்கித் தன்னைவிடப் பெரிய அதிகாரிகளைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். காற்று அடங்கவில்லை.

எவேலியோவுக்கு நினைவு தப்பவில்லை. அதுதான் கொடுமை.

"நஹூன்," என்றான். "ஞாயித்துக்கிழமைக்குள்ள என்னால நிக்க முடியுமா?"

"நிப்படா. நான் முட்டுக்குடுக்கறேன். என் தோளப் பிடிச்சுக்க."

"அவளுக்குக் கால் தெரியாதுல்ல? அவ்ளோ தூரத்துக்கு?"

"தெரியாது. பாறைக்குப் பின்னால மறைஞ்சுரும்."

"அப்ப சரி. பயந்துருவா. இப்பத்தான பெத்தவ." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். "பால் வத்திரும்."

பொழுது சாய்வதற்குள் போய்விட்டான். காற்று அடங்கியது மறுநாள். ஹெலிகாப்டர் வந்தது, தக்காளியும் சோள மாவும் இறக்கியது, தார்ப்பாயில் சுற்றிய எவேலியோவை ஏற்றிக்கொண்டு போனது. வீட்டுக்குச் சொல்லிவிடுங்கள் என்று பராஹோனா முகாமுக்கு இரண்டுமுறை தகவல் அனுப்பினார். சொல்லிவிடுவோம் என்று பதில் வந்தது.

ஞாயிறு வந்தது. பஸ் நின்றது. வெள்ளை மூட்டையோடு அந்தச் சின்ன உருவம் இறங்கி, பலகை மேல் நடந்து வந்தது.

யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அவள் மூட்டையைத் தூக்கினாள். இறக்கினாள். நெற்றியில் கைவைத்து மேலே பார்த்தாள். மறுபடி தூக்கினாள். பாறை காலியாக இருந்தது. பஸ் வந்தது. அவள் ஏறவில்லை. பஸ் போய்விட்டது.

"கத்திச் சொல்லலாமா?" என்று ஒருவன் கேட்டான்.

"என்னன்னுடா கத்துவ?" என்றார் பராஹோனா. அந்தக் காற்றில் குரலும் போகாது. போனாலும், அந்த வார்த்தையை மலை மேலிருந்து யார் கத்துவது?

பெட்டி கரகரத்தது. "மஞ்சச் சட்டை எங்க?" என்றாள் கிளி. "பொண்ணு நிக்குது பாருங்க. ஏன் காக்க வைக்கிறீங்க?"

பராஹோனா வயர்லெஸ்ஸை வாங்கினார். இந்தமுறை திட்டவில்லை. "உங்க கால்வாங்கி. ஊத்துக்குப் போற வழியில," என்றார்.

  அவள் மெதுவாகப் பேசினாள்.

"சார்ஜன்ட், அந்தப் பொண்ண அனுப்பிருங்க. மத்தியானத்துக்கு மேல அவ ரோட்டுல நிக்கக் கூடாது. இதுக்கு மேல கேக்காதீங்க." இணைப்பு அறுந்தது.

எங்களுக்குப் புரிந்தது. அன்று அந்தச் சாலையில் எங்கள் லாரிகள் வரப்போவது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, பதுங்கியிருந்து தாக்கப்போகிறார்கள். பராஹோனா முகாமுக்கு அதைச் சொல்லச் சொன்னார், சொன்னேன். பிறகு அவர் கீழே பார்த்தார். அவள் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து குழந்தைக்குத் தலைத்துணியால் நிழல் பிடித்துக்கொண்டிருந்தாள். அடுத்த பஸ்தான் கடைசி பஸ்.

"நஹூன். அவன் சட்டையப் போட்டுக்கிட்டு ஏறு."

"முடியாது சார்ஜன்ட்."

"உசரம் உனக்குத்தான் ஒத்து வரும். ஏறு."

"பாவம் சார்ஜன்ட் இது. செத்தவன் சட்ட. அவ என்னப் பாத்து... நான் மாட்டேன். என்னச் சுடுங்க வேணும்னா."

பராஹோனா அவன் தோளைப் பிடித்தார். அந்த மனிதர் கெஞ்சி நான் பார்த்தது அன்றுதான். "டேய், குறுக்க மாட்டிக்கிட்டா ரெண்டு உசுரும் போயிரும்டா. அவனப் பாக்காம அவ நகர மாட்டா. பாத்துட்டுப் போகட்டும். உண்மைய அப்புறம் சொல்லிக்கலாம். உசுரோட இருந்தாத்தான சொல்ல முடியும்?"

நஹூன் ஏறினான். இரண்டு கையையும் ஆட்டினான். கீழே அவள் துள்ளி எழுந்ததைக் கண்ணாடி இல்லாமலே பார்த்தோம். மூட்டையைத் தூக்கி இடமும் வலமுமாக ஆடினாள். போ, போ என்று நஹூன் கையைக் காட்டினான். அவள் அதை விளையாட்டு என்று நினைத்து அதே மாதிரி திருப்பிக் காட்டினாள். பஸ் வந்ததும் ஏறிப் போனாள். நஹூன் பாறைக்குப் பின்னால் சரிந்து, சட்டையைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டு அழுதான். சாப்பாட்டு வேளைவரை யாரும் அவனை எழுப்பவில்லை.

அந்த வாரம் முழுக்க முகாமைக் கேட்டோம். கடிதம் அவள் ஊர் நகராட்சிக்குப் போயிருக்கிறது என்றார்கள். அந்த ஊரில் நகராட்சித் தலைவர் ஓடிப்போய் ஒரு வருடம் ஆகிறது, கட்டடத்தில் ஆடு கட்டுகிறார்கள். கீழே இறங்க பராஹோனா அனுமதி கேட்டார், மறுத்துவிட்டார்கள். வானொலி நிலையத்துக்குச் சொல்லியனுப்பலாமா என்றேன். "பாட்டுக்கு நடுவுல கேக்கணுமாடா அந்தப் பொண்ணு?" என்றார் அவர். அடுத்த ஞாயிறு அவள் வந்தாள். நஹூன் யாரும் சொல்லாமலே ஏறினான். அதற்கடுத்த ஞாயிறும் ஏறினான். கிளி பிறகு எங்களை வம்புக்கு இழுக்கவே இல்லை.

பிப்ரவரி வெயில் ஏறத் தொடங்கியபோது எங்களுக்கு மாற்றுப் படை வந்தது. எங்களை இறக்கி நகரத்து முகாமில் விட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையே வெளியே போக அனுமதி கிடைத்ததும் நஹூனும் நானும் சாதா உடையில் பஸ் ஏறினோம். வழியில் பசங்க நிறுத்தி எங்கள் ராணுவ முடிவெட்டைப் பார்த்திருந்தால் எங்கள் கதை அங்கேயே முடிந்திருக்கும். யாரும் நிறுத்தவில்லை.

பாலத்தில் இறங்கியபோது அவள் முன்பே வந்துவிட்டிருந்தாள். எங்களுக்கு முதுகு காட்டி, மலையைப் பார்த்து, குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். மேலே புதுப் படை. அவர்களுக்கு அவள் யாரென்றே தெரியாது. பாறையில் யாரும் இல்லை. 

"தெல்மியக்கா," என்றேன்.

திரும்பினாள். கண்ணாடியில் பார்த்ததைவிட ரொம்பச் சின்னப் பெண். என் முடிவெட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "நீங்க அவர்கூட இருக்கறவங்களா? இறக்கி விட்டுட்டாங்களா? அவரு எங்க? பஸ்ஸுக்குள்ளயா?" என்று எங்களைத் தாண்டி எட்டிப் பார்த்தாள்.

நஹூன் தொப்பியைக் கழற்றினான். சொன்னான். வரும் வழியெல்லாம் அவன் வேறு வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தான். அவை ஒன்றும் வரவில்லை. "செத்துட்டான் அக்கா. கண்ணிவெடி," என்று மட்டும் வந்தது.

அவள் சிரிக்கப் பார்த்தாள். "போன வாரம் கூடக் கை ஆட்டினாரே?"

"அது நான்."

"அதுக்கு முந்தி?"

"அதுவும் நான்தான்."

"மஞ்சச் சட்ட..."

"அவன் சட்ட. நான் போட்டுக்கிட்டேன்."

அவள் குழந்தையை மார்போடு சேர்த்துக்கொண்டு பாலத்துக் கட்டையில் உட்கார்ந்தாள். வாய்க்குள் எதையோ பின்னோக்கி எண்ணினாள். "அப்ப அவரு கடைசியா நின்னது எப்ப?"

நஹூன் யோசித்தான். "நீங்க பச்சப் பாவாட கட்டிட்டு வந்த அன்னைக்கு."

"அன்னைக்கா?" என்றாள். "அன்னைக்கு இவ தூங்கிட்டா. எழுப்ப வேணாம்னு துணிய மூடியே தூக்கினேன். மூஞ்சியக் கூடக் காட்டலையே. அடுத்த வாரம் காட்டிக்கலாம்னு சீக்கிரமே பஸ் ஏறிட்டேனே."

அதன் பிறகுதான் அழுகை வந்தது. குழந்தை விழித்து, அம்மாவின் முகத்தைப் பார்த்து அதுவும் அழுதது. ஏன் அப்படிச் செய்தோம் என்று நான் விளக்கப் பார்த்தேன். சாலை, லாரிகள், பஸ், எல்லாம் சொன்னேன். அவள் கேட்டாளா என்று தெரியாது. நஹூனைப் பார்த்துப் பேசினாள், கோபம்கூட இல்லாமல்.

"அவரு மண்ணுக்குள்ள இருக்காரு. நான் இங்க நின்னு ஆடியிருக்கேன். ஊரே பாக்க ஆடியிருக்கேன். இத எப்பிடிப்பா மறப்பேன் நான்?"

நஹூன் கீழே விழுந்திருந்த குழந்தையின் துணியை எடுத்துத் தட்டி அவள் மடியில் வைத்தான்.  

மத்தியான பஸ் வரவே இல்லை. அவள் எழுந்து நடக்கத் தொடங்கினாள். தனியே விட மனமில்லாமல் நாங்களும் நடந்தோம். வழியில் அவன் எங்கே புதைக்கப்பட்டிருக்கிறான் என்று கேட்டாள். முகாமுக்குப் பின்னால் இருக்கும் கல்லறைத் தோட்டம் என்றேன். வியாழக்கிழமை வந்தால் கூட்டிப்போகிறேன் என்றேன். வலித்ததா என்று கேட்டாள். இல்லை என்று நஹூன் பொய் சொன்னான். நாங்கள் சொன்ன பொய்களில் அவள் நம்ப விரும்பியது அது ஒன்றுதான்.

ஊர் எல்லையில் ஒரு வளைவு. அங்கே நின்றாள்.

"இதுக்கு மேல வராதீங்க. அவரு அம்மா வீட்டுல இருக்காங்க. கண்ணு மங்கல். தூரத்துல ஆம்பள வர்றதப் பாத்தா மகன் வந்துட்டான்னு ஓடி வந்துருவாங்க."

நின்றுவிட்டோம். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குழந்தையை மறுதோளுக்கு மாற்றி, வளைவைத் தாண்டி மறைந்தாள். ஒரு நாய் குரைத்தது, பிறகு அடையாளம் கண்டு ஓய்ந்தது. ஒரு வயதான குரல் கேட்டது. உற்சாகமாகத்தான் கேட்டது.

"வந்துட்டியா? நின்னானா இன்னைக்கு?"

நஹூன் என் கையைப் பிடித்து இழுத்தான். நாங்கள் வேகமாகத் திரும்பி நடந்தோம். ஓடினோம் என்றே சொல்லவேண்டும். பாலத்தை அடைந்த பிறகுதான் நின்று மூச்சு வாங்கினோம். அங்கே நின்று பார்த்தால் ஹோகோத்தே மலை முழுக்கத் தெரியும். அந்தப் பாறை கீழிருந்து பார்க்க ஒரு பல் அளவுதான் இருந்தது. அதில் நிற்கிறவனுக்கு முகமே இருக்காது.